எம்டன் குண்டா, எவாகுவேஷனா? தாத்தா கதைக்குத் தேதி போடுவது எப்படி

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "எது நடந்தப்போ?" என்று கேளுங்கள். சென்னையில் பின்னி துணி ஆலையைச் சுற்றியிருந்த பெரம்பூர், புளியந்தோப்புக் குடும்பங்களில் "பின்னி மில் ஸ்ட்ரைக்குக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் பேச்சு தானாக வரும்.

நீள நோட்டு, பென்சில், போனில் ரெக்கார்டர் போதும். வம்சாவளி வரையும் செயலி வேண்டாம். "ஸ்ட்ரைக்குக்கு அடுத்த ஆடி" என்பதை அதில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: சொன்னது, சொன்னவர், தேதி. தேதியைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும்.

முதலில் முளை அடியுங்கள், அதாவது தேதி தெரிந்த பெரிய நிகழ்ச்சிகளை எழுதிக்கொள்ளுங்கள். எம்டன் குண்டு (ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைமேல் குண்டு போட்டது), 22 செப்டம்பர் 1914. மில் ஸ்ட்ரைக், 1921. எவாகுவேஷன் (ஜப்பான் குண்டுக்குப் பயந்து சென்னையைக் காலி செய்தது), ஏப்ரல் 1942. நயா பைசா (அணாவுக்குப் பதில் வந்த புதுக் காசு), 1 ஏப்ரல் 1957. பெரும்புயல், நவம்பர் 1966.

"குண்டுக்குப் பயந்து ஊருக்கு ஓடினோம்" என்பது 1914 ஆகவும் இருக்கலாம், 1942 ஆகவும் இருக்கலாம். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டி எரிந்ததைச் சொன்னால் எம்டன். ஆபீஸையே வெளியூருக்கு மாற்றினார்கள் என்றால் 1942.

அடுத்தது தமிழ் வருஷம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "துன்மதி மாசியில் கல்யாணம்" என்றதும் 1921 என்று எழுதிவிடுகிறார்கள். துன்மதி பிறந்தது 1921 சித்திரையில். அதன் மாசி வருவது 1922 பிப்ரவரி, மார்ச்சில். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒரு வருஷம் கூட்டுங்கள். மார்கழி பாதியில் ஆங்கில வருஷம் மாறுவதால் நாள் தெரியாமல் எழுதாதீர்கள். அறுபது வருஷத்தில் அதே பெயர் திரும்பி வரும் என்பதையும் மறக்காதீர்கள்: தாது என்றால் பஞ்சம் பிடித்த 1876ஆ, 1936ஆ? மூத்த பிள்ளையின் வயதை வைத்துத் தீர்க்கலாம்.

வயதும் ஏமாற்றும். "பதினாறு நடந்தது" என்றால் முடிந்தது பதினைந்துதான். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதப் பிறந்த தேதி இருந்தால், சேர்க்கும்போது வாத்தியார் போட்டதாக இருக்கலாம்.

இனி வாழ்க்கையையும் காலத்தையும் பக்கத்தில் வையுங்கள். 1921 ஸ்ட்ரைக்கில் தாத்தா வெளியே நின்றாரா, உள்ளே வேலைக்குப் போனாரா? ஆகஸ்ட் 29 போலீஸ் துப்பாக்கிச் சூட்டன்று எங்கே இருந்தார்? அந்த ஸ்ட்ரைக் சாதிவாரியாகப் பிளந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரியும்வரை போனது. அதனால் கூடத்தில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ஒவ்வொருவராகத் தனியே உட்கார வைத்துக் கேளுங்கள். இரண்டு பதில் வந்தால் இரண்டையும் எழுதுங்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

காகிதங்களில் மூலப்பத்திரம்தான் ராஜா: அப்பா பெயர், தொழில், குடியிருந்த தெரு எல்லாம் கிடைக்கும். பிறகு ரேஷன் கார்டு, மில் பாஸ், கல்யாணப் பத்திரிகை. எதையும் லேமினேட் செய்யாதீர்கள். பழைய காகிதத்தைச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. போட்டோவின் பின்பக்கத்தையும் படம் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். வீட்டுக் காகிதம் தீர்ந்த பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம்.

பின்சேர்க்கை: பத்திரத்து வீட்டு எண்ணைத் தெருவில் தேடிப் பலர் திரும்பிவிடுகிறார்கள். கதவில் இருப்பது புதிய எண். பழைய எண்ணைப் பக்கத்து வீட்டு வரி ரசீதில் பார்த்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போங்கள்.