ஓபோ சீவாளி: பிழை கத்தியில் அல்ல, கட்டிய விதத்தில்

ஓபோ ஒரு மேற்கத்தியத் துளைக்கருவி. நாணலின் இரு இதழ்களை ஒரு சிறு குழாயின் மேல் நூலால் சுற்றிக் கட்டிய சீவாளி வழியே அதை ஊதுகிறோம். சொந்தமாகக் கட்டிய சீவாளி சரியாகப் பேசாவிட்டால், நம் கை உடனே இதழ்களைச் சுரண்டும் கத்தியைத் தேடுகிறது. வெள்ளவத்தையில் என் மேசையில் அப்படிச் சுரண்டியே வீணாக்கிய நாணல்கள் ஏராளம். கோளாறு கட்டிய விதத்தில் இருக்கும்போது சுரண்டி என்ன பயன்?

நாதஸ்வரச் சீவாளி அமரும் உலோகக் குழாயைக் கெண்டை என்கிறோம். ஓபோவிலும் அதே வேலைக்கு ஒரு குழாய் உண்டு. நானும் அதைக் கெண்டை என்றே சொல்கிறேன். பெரும்பாலும் 47 மில்லிமீற்றர் நீளம், கீழ்ப்பாதியில் தக்கை. அடிவாய் வட்டமானது, மேல்வாய் நீள்வட்டமானது. இந்த மேல்வாயைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பழைய நாணலைக் குறட்டால் பிடுங்கும்போது அது நசுங்கிவிடும். அதில் கட்டினால் சீவாளியின் நுனி மூடிக்கொண்டு, ஒலி மெலிகிறது. நிமிர்த்துகிறேன் என்று பொருந்தாத கம்பியைத் திணித்தால் வாய் வட்டமாகி, நுனி அகலத் திறந்து, ஊதுபவருக்கு மூச்சு முட்டும். அந்தக் கெண்டைக்கென்றே அமைந்த கம்பியை மட்டும், மென்மையாகச் செருகுங்கள்.

நாணலின் இரு இதழ்களும் நீள்வட்டத்தின் அகன்ற பக்கங்களின் மேல் படிய வேண்டும். சற்றுத் திரும்பினாலும் வாய் கோணலாகும்.

அடுத்தது ஆழம். கட்டிய பின் கெண்டையின் முனை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அடியிலிருந்து 47 மில்லிமீற்றர் எங்கே வருகிறது என்று முன்கூட்டியே அடிமட்டத்தால் அளந்து பென்சிலால் குறித்துவிடுங்கள். நூல் அந்தக் கோட்டைத் தாண்டினால் இதழ்களின் கழுத்தை நெரித்ததுபோல் அதிர்வு அடங்கிவிடும். நான் அதிகம் செய்த பிழை இதுதான். இன்னும் ஒரு சுற்று இருந்தால் உறுதியாக இருக்கும் என்ற பேராசை.

இதழ்களின் ஓரங்கள் கெண்டையின் முனைக்கு ஒன்றிரண்டு நூல் சுற்றுகள் முன்பாக ஒன்றையொன்று தொட வேண்டும். நாணல் மேல்நோக்கி அகலுவதால், வெகு முன்பே மூடினால் அதைச் சற்று வெளியே இழுத்துக் கட்ட வேண்டும். முனைவரை வந்தும் மூடாவிட்டால் உள்ளே தள்ள வேண்டும். கட்டிய நீளம் பொதுவாக 72 மில்லிமீற்றர் அளவில் வரும் என்றாலும், நாணலை வடிவாக வெட்டப் பயன்படுத்திய அச்சைப் பொறுத்து அது மாறும். எண்ணை நம்பாமல் ஓரங்களைப் பாருங்கள்.

சுரண்டத் தொடங்கும் முன், நுனி இன்னும் வெட்டப்படாமல் மடிந்து மூடியிருக்கும்போதே, அடிவாயிலிருந்து ஊதுங்கள். ஈரமான ஓரத்தில் குமிழி எழுந்தால் கத்தியை மேசையிலேயே விட்டுவிட்டு, நூலைப் பிரியுங்கள்.