ரியல் அனாலிசிஸ்: முதல் எப்சிலான் நிரூபணத்தை எழுதுவது எப்படி?

சிங்கப்பூரில் ஜேசியில் (தொடக்கக் கல்லூரியில்) எச்2 கணிதத்தில் ஏ வாங்கிய பிள்ளைகள்கூட, பல்கலைக்கழகத்தில் ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு) எடுத்த இரண்டாவது, மூன்றாவது வாரத்திலேயே திணறிப்போகிறார்கள். திறமை குறைந்துவிட்டதால் அல்ல. ஜேசியில் பெரும்பாலும் "கண்டுபிடி" என்று கேட்பார்கள். விடை ஓர் எண்ணாக வரும். இங்கே "நிரூபி" என்கிறார்கள்; விடை ஒரு பத்தி. தேர்வு அறைக்குள் கொண்டுபோன கிராஃபிக் கால்குலேட்டர் ஆயிரம் உறுப்புகளைப் பட்டியலிட்டாலும் அது நிரூபணம் ஆகாது.

தேசிய சேவை முடித்து, இரண்டு ஆண்டுகள் கணக்குப் பக்கமே போகாமல் வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பயப்பட வேண்டாம். தொகையீட்டுச் சூத்திரங்கள் மறந்துபோயிருந்தாலும் இந்தப் பாடத்தின் தொடக்கத்துக்கு அவை தேவையில்லை. கென்ட் ரிட்ஜில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்) எம்ஏ2108 என்ற பாடத்தை எடுத்தாலும், நன்யாங் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஈடான பாடத்தை எடுத்தாலும், முதலில் கைவர வேண்டியது ஒரே ஒரு வேலை: ஒரு தொடர்வரிசையின் எல்லை, அதாவது அதன் உறுப்புகள் நெருங்கிக்கொண்டே போகும் எண், இதுதான் என்று எழுதிக் காட்டுவது. அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

உறுப்பின் வரிசை எண்ணை ந என்றும், "இதற்கு அப்பால்" என்று நாம் குறிக்கும் எண்ணை ம என்றும் எழுதுகிறேன். எப்சிலான் என்பது எவ்வளவு சிறியதாகவும் இருக்கக்கூடிய ஒரு நேர்ம எண். உங்கள் நோட்டில் வகுப்பில் போடும் எழுத்துகளையே போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: வரையறையைச் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள்

"மனப்பாடம் வேண்டாம், புரிந்தால் போதும்" என்பது மற்றப் பாடங்களுக்குச் சரியாக இருக்கலாம். இங்கே வரையறைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி.

எப்சிலான் > 0 எதுவாக இருந்தாலும், அதற்கேற்ற ஒரு ம உண்டு. ந > ம ஆகும் ஒவ்வொரு ந-வுக்கும், ந-ஆவது உறுப்புக்கும் எல்லைக்கும் உள்ள இடைவெளி எப்சிலானைவிடக் குறைவு.

இதில் வரிசை முக்கியம். எப்சிலான் முதலில் வருகிறது. ம அதைப் பார்த்த பிறகுதான் வருகிறது. காப்பிக்கடையில் கோப்பி, கோப்பி ஓ, கோப்பி சி மாதிரிதான்: ஓர் எழுத்து மாறினால் கைக்கு வருவது வேறு பானம். "ஒரு ம உண்டு; எல்லா எப்சிலானுக்கும் அது போதும்" என்று மாற்றி எழுதிப் பாருங்கள். ம-வுக்கு அப்பால் இடைவெளி எல்லா நேர்ம எண்களையும்விடச் சிறியதாக இருக்க வேண்டும். அதாவது சுழியமாகவே இருக்க வேண்டும். அப்படியானால் 1, 1/2, 1/3, 1/4… என்ற எளிய தொடர்வரிசைகூட சுழியத்தை நெருங்கவில்லை என்றாகிவிடும்.

படி 2: கிறுக்கல் தாளில் பின்னாலிருந்து தொடங்குங்கள்

ந-ஆவது உறுப்பு (3ந + 1)/(ந + 2). எல்லை 3 என்று காட்ட வேண்டும். முதலில் இடைவெளியைச் சுருக்குங்கள்:

|(3ந + 1)/(ந + 2) − 3| = |(3ந + 1 − 3ந − 6)/(ந + 2)| = 5/(ந + 2)

இது எப்சிலானைவிடக் குறைய வேண்டும். இங்கே ஜேசிப் பழக்கம் கையைப் பிடித்து இழுக்கும்: சமனின்மையைத் துல்லியமாகத் தீர்க்கத் தோன்றும். தேவையில்லை. 5/(ந + 2) < 5/ந என்று தாராளமாகப் பெரிதாக்கிவிடுங்கள். 5/ந எப்சிலானைவிடக் குறைய ந > 5/எப்சிலான் இருந்தால் போதும். ம கிடைத்துவிட்டது.

ஓர் எண்ணைப் போட்டுச் சரிபாருங்கள். எப்சிலான் 0.01 என்றால் 5/எப்சிலான் 500. 501-ஆவது உறுப்பில் இடைவெளி 5/503, ஏறக்குறைய 0.00994. சரியாக இருக்கிறது. உண்மையில் 499-ஆவது உறுப்பே போதும், ஆனால் மிகச் சிறிய ம எது என்று யாரும் கேட்கவில்லை. ஏதாவது ஒரு ம வேலை செய்தால் போதும். இது மனத்தில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் இலகுவாகிவிடும்.

படி 3: நல்ல தாளில் முன்னாலிருந்து எழுதுங்கள்

கிறுக்கல் தாளை ஓரமாக வைத்துவிட்டு, புதிய தாளில் இப்படி எழுதுங்கள்:

எப்சிலான் > 0 என்க. 5/எப்சிலானைவிடப் பெரிய ஓர் இயல் எண் ம-வை எடுத்துக்கொள்வோம். ஆர்க்கிமிடீஸ் பண்பின்படி (எந்த மெய்யெண்ணைவிடவும் பெரிய ஓர் இயல் எண் உண்டு) அப்படி ஓர் எண் உண்டு. இனி ந > ம ஆகும் எந்த ந-வுக்கும்,
|(3ந + 1)/(ந + 2) − 3| = 5/(ந + 2) < 5/ந < 5/ம < எப்சிலான்.
ஆகவே எல்லை 3.

அவ்வளவுதான். ம எங்கிருந்து வந்தது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. அது வேலை செய்கிறது என்று காட்டினால் போதும்.

மாணவர்கள் அதிகமாக மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். கிறுக்கல் தாளில் இருப்பதை அப்படியே நகல் எடுத்து, "5/(ந + 2) < எப்சிலான், ஆகவே ந > 5/எப்சிலான்" என்று முடித்துவிடுவார்கள். நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எடுத்துக்கொண்டாயிற்று. போதாததற்கு, அந்த "ஆகவே"யும் தவறு: எப்சிலான் 0.01, ந 499 என்று போட்டால் இடைவெளி 5/501, அது 0.01-ஐவிடக் குறைவு, ஆனால் 499 என்பது 500-ஐவிடப் பெரியதல்ல. அம்பு ஒரு பக்கம்தான் பாயும். எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு வரியிலும் பாருங்கள்.

படி 4: பின்னத்தின் பகுதியில் (கீழ் எண்ணில்) கழித்தல் வந்தால்

ந-ஆவது உறுப்பு 2ந²/(ந² − 7), எல்லை 2. இடைவெளி 14/(ந² − 7) என்று வரும். இங்கே 7-ஐ விட்டுவிட்டு 14/ந² என்று எழுத முடியாது. பகுதி பெரிதானால் பின்னம் சிறிதாகிவிடும், நமக்குத் தேவை நேர்மாறானது. அதனால் ந² − 7-க்குக் கீழ்வரம்பு தேடுங்கள். ந 4 அல்லது அதற்கு மேல் என்றால் ந² குறைந்தது 16. அதன் பாதி 7-ஐவிடப் பெரியது. எனவே ந² − 7 > ந²/2. இடைவெளி 28/ந²-ஐவிடக் குறைவு, அது 28/ந-ஐத் தாண்டாது.

இப்போது இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. 4, 28/எப்சிலான் இரண்டையும்விட ம பெரியதாக இருக்கட்டும் என்று நல்ல தாளில் ஒரே வரியில் எழுதிவிடலாம். இந்த உத்தி பருவம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

படி 5: எல்லை இல்லை என்று காட்டுவது

−1, 1, −1, 1… எடுத்துக்கொள்ளுங்கள். எல்லை உண்டு என்று வைத்துக்கொண்டு, எப்சிலான் 1 என்று போடுங்கள். ஏதோ ஒரு ம-வுக்கு அப்பால், அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளும் எல்லையிலிருந்து 1-க்கும் குறைந்த தூரத்தில் இருக்க வேண்டும். முக்கோணச் சமனின்மைப்படி (இரண்டு எண்களுக்கு இடையே உள்ள தூரம், மூன்றாவது எண்ணிலிருந்து அவற்றுக்கு உள்ள தூரங்களின் கூட்டுத்தொகையைத் தாண்டாது) அந்த இரண்டுக்கும் இடையே 2-க்கும் குறைந்த தூரம். ஆனால் அவற்றின் தூரம் சரியாக 2. முரண்பாடு. எப்சிலானை நீங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை இந்த மாதிரிக் கேள்வியில்தான் கிடைக்கிறது.

இவ்வளவு கறார் எதற்கு?

1821-இல் கணிதவியலர் கோஷி, தொடர்ச்சியான சார்புகளைக் கூட்டி வரும் ஒருங்கும் (ஓர் எல்லையை நெருங்கும்) தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று எழுதினார். 1826-இல் இன்னொரு கணிதவியலரான ஏபெல் அதற்கு ஒரு சைன் தொடரை விதிவிலக்காகக் காட்டினார். கோஷிக்கே அப்படி என்றால், உள்ளுணர்வை மட்டும் நம்பக் கூடாது என்பது விளங்கும்.

இன்னொன்றையும் கையால் கணக்கிட்டுப் பாருங்கள். 1-இல் தொடங்கி, ஒவ்வோர் எண்ணையும் 2-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதோடு கூட்டிப் பாதியாக்குங்கள்: 1, 3/2, 17/12, 577/408. 577-இன் வர்க்கம் 332929. 408-இன் வர்க்கத்தின் இரு மடங்கு 332928. ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். எல்லாம் பின்னங்கள், அவை நெருங்குவதோ √2, அது பின்னமே அல்ல. விகிதமுறு எண்களுக்குள் மட்டும் வாழ்ந்தால் இந்த வரிசைக்குப் போய்ச் சேர இடமே இல்லை. அந்த ஓட்டையை அடைப்பதுதான் மெய்யெண்களின் நிறைவுப் பண்பு. சூரிச்சில் நுண்கணிதம் கற்பித்தபோது 1858-இல் கணிதவியலர் டெடிகின்ட் இதைச் சிந்தித்து, 1872-இல் வெளியிட்டார். பாடத்தின் பெரிய தேற்றங்கள் பலவும் இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 6: வாராந்தரப் பயிற்சி

டுட்டோரியலுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கேள்விக்கும் கிறுக்கல் தாளாவது இருக்க வேண்டும். விடைத்தாளைப் பார்த்துத் தலையாட்டுவது படிப்பு ஆகாது. ஒரு நிரூபணத்தைப் படித்தபின் மூடிவைத்துவிட்டு, நூலக மேசையிலோ வீட்டுக் கீழ்த்தளத்திலோ நண்பரை உட்காரவைத்துத் தமிழிலேயே சொல்லிக் காட்டுங்கள். "அது எப்படி வந்தது?" என்று அவர் கேட்டு நீங்கள் தடுமாறும் வரியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த டுட்டோரியலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இன்றைக்கே செய்துபார்க்க ஒன்று: ந-ஆவது உறுப்பு √(ந + 1) − √ந. எல்லை சுழியம் என்று நிரூபியுங்கள். √(ந + 1) + √ந-ஆல் பெருக்கி வகுத்தால் 1/(√(ந + 1) + √ந) கிடைக்கும். அது 1/√ந-ஐவிடக் குறைவு. ம-வை 1/எப்சிலான்²-ஐவிடப் பெரியதாக எடுத்துக்கொண்டு, நல்ல தாளில் முதல் வரியிலிருந்து எழுதுங்கள்.