நிறம் மாறினால் முடியின் அடியைப் பாருங்கள்

ஆயர் ஈத்தாமில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடும் கடை வைத்திருக்கிறேன். 17 ஆண்டுகள் ஆகின்றன. பினாங்கில் பறவை வேட்டைக்கு யாரும் நாய் வளர்ப்பதில்லை. ஆனாலும் பாயிண்டர், செட்டர், ஸ்பானியல் நாய்களை ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். மூன்று நான்கு வயதானதும், "அக்கா, இவன் நிறம் மாறிவிட்டது, நோயா?" என்று கவலையோடு கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது. அதற்கு நிறம் ஏறுவது அடியில், வளரும்போது மட்டும்தான். ஆகவே நுனி சில மாதங்களுக்கு முந்தைய செய்தியைச் சொல்கிறது, அடி இன்றைய செய்தியைச் சொல்கிறது. காலை வெளிச்சத்தில் நாயை வாசலில் நிற்க வையுங்கள். நிறம் மாறிய இடத்தில் முடியை இரண்டு கட்டைவிரல்களாலும் பிரித்துத் தோல் தெரியும்வரை பாருங்கள். பாயிண்டரின் முடி குட்டையாக இருப்பதால், உதிர்ந்த நாலைந்து முடிகளை வெள்ளைத்தாளில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது நல்லது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் சத்து மருந்து வாங்காதீர்கள்.

அடி பழைய நிறத்தில் பளபளப்பாக இருந்து நுனி மட்டும் செம்பட்டையாக இருந்தால், அது வெயில். புற ஊதாக்கதிர் முடியிலுள்ள மெலனினைச் சிதைக்கும். கறுப்பு செம்பழுப்பாகும், காப்பிக்கொட்டை நிறம் வெளுத்த செம்பாகும். கடல்நீரும் நீச்சல்குளத்துக் குளோரினும் அதை விரைவுபடுத்தும். குளிர்நாடுகளில் பருவம் மாறும்போது நாய் முடியை மொத்தமாக உதிர்த்துப் புதுநிறத்தில் வரும். நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கில் இருக்கிறோம், பகலின் நீளம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே முடி எப்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது. அதனால் வெளுத்த முடியும் புதுமுடியும் கலந்து, முதுகு திட்டுத்திட்டாகத் தெரியும். கடற்கரைக்குப் போவதாக இருந்தால் விடியலில் போய்விட்டு, நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். வேறு மருந்து தேவையில்லை. வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக உள்ள நாய்களை மட்டும் நடுப்பகல் வெயிலில் விடவே கூடாது, தோல் வெந்துபோகும்.

வெள்ளைப் பாதம் துருப்பிடித்ததுபோல் ஆனால் அது நாய் நக்குவதால் வருவது. எச்சிலிலும் கண்ணீரிலும் உள்ள போர்ஃபிரின் என்ற பொருள் அப்படிக் கறைபடுத்துகிறது. கறையைத் தேய்ப்பதை விட்டுவிட்டு, ஏன் நக்குகிறது என்று பாருங்கள். விரலிடுக்கை முகர்ந்தால் புளித்த வாடை வருகிறதா? நம் ஈரக்காற்றில் அங்கே பூஞ்சை எளிதாகப் பெருகும். மழையில் நடந்து வந்தால் ஒவ்வொரு விரலிடுக்கையும் துணியால் ஒற்றி எடுங்கள். எலுமிச்சைச்சாறு தேய்க்க வேண்டாம், புண்ணில் பட்டால் அந்தப் பிராணி துடிக்கும்.

பொட்டுகள் கூடுவதைப் பற்றி அஞ்சவே வேண்டாம். என் மிளகு ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டர். கைக்குழந்தைபோல் என்னிடம் வந்தபோது அவள் நெஞ்சில் நான்கைந்து பழுப்புப் புள்ளிகள்தான். அவற்றைப் பார்த்துத்தான் அந்தப் பெயர். இரண்டு வயதில் நெஞ்சு முழுவதும் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் ஆகிவிட்டது. இந்த இனங்களில் வெள்ளை முடிக்கு நடுவே நிறமுடி வயதோடு அடர்ந்து வருவது பிறவிக் குணம். இங்கிலீஷ் செட்டரின் இந்தப் புள்ளி நிறத்துக்கு 'பெல்டன்' என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அந்த இனத்தை உருவாக்கிய எட்வர்ட் லேவராக், வட இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயரை அதற்கு வைத்தார். விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

கருத்தடை அறுவைக்குப் பிறகு செட்டர், ஸ்பானியல் நாய்களின் முடி பஞ்சுபோல் நீண்டு வெளிறுவதும் நோய் அல்ல. காயம் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைப்பதும் அப்படித்தான், நிறம் தரும் செல்கள் அங்கே அழிந்திருக்கும்.

முகவாயிலும் கண்ணுக்கு மேலும் நரை வருவது பெரும்பாலும் வயதுதான். ஆனால் நான்கு வயதுக்குள் முகம் நரைத்தால் அதன் மனநிலையையும் கவனியுங்கள். 1 முதல் 4 வயது வரையுள்ள நாய்களைப் பார்த்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றமும் அடங்காத துடிப்பும் உள்ளவற்றில் முகநரை கூடுதலாக இருந்தது. நாளெல்லாம் அடுக்குமாடி வீட்டில் பூட்டப்பட்ட பாயிண்டரின் நிலை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வயல்வெளியில் மணிக்கணக்காக ஓடுவதற்காக உருவாக்கப்பட்ட உடல் அது.

இனி உணவு. பாலிக் பூலாவிலிருந்து வரும் ஒரு தம்பியின் கறுப்பு ஸ்பானியல் உடல் முழுவதும் செம்பட்டையாகியிருந்தது. முடியைப் பிரித்தேன், அடியும் செம்பட்டை. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். சோறு, கோழிக்குழம்பின் சாறு, எப்போதாவது ஒரு துண்டு இறைச்சி என்றார். கறுப்பு நிறமி உருவாக டைரோசின், ஃபீனைல்அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் வேண்டும். அவை புரதத்திலிருந்து வருகின்றன. தாமிரமும் வேண்டும். அவர் வளர்ந்த நாய்க்கான முழுச்சத்துத் தீனிக்கு மாறினார். ஏழெட்டு மாதங்களில் வேரிலிருந்து கறுப்பு ஏறி வந்தது. ஏற்கெனவே சிவந்த முடி திரும்பக் கறுக்காது, உதிர்ந்தே தீர வேண்டும், அதனால் பொறுமை வேண்டும். தாமிர மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அது கல்லீரலில் தங்கிக் கெடுதல் செய்யும்.

மிளகுக்கு ஆறு வயதானபோது நான் செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். முதுகிலிருந்த பெரிய பழுப்புத் திட்டு மங்கி, வைக்கோல்போல் வறண்டது. தெலுக் பஹாங் கடற்கரை வெயில் என்று முடிவுகட்டினேன். நான்கு மாதங்கள் அவளை நிழலிலேயே வைத்து ஷாம்புவை மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை அத்தைதான் ஒருநாள், "உன் பிள்ளை ஏன் இப்படி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்? ஊதியும் போயிருக்கிறாளே" என்றார். அன்றுதான் முடியைப் பிரித்தேன். அடியில் புதுமுடியே இல்லை. பழைய முடி உதிராமல் நின்று வெளுத்திருந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் முள் கிழித்ததற்காகத் தொடையில் மழித்த இடம் இன்னும் மொட்டையாகவே இருந்தது. வால் எலிவால்போல் மெலிந்திருந்தது. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை. 'வெயில்' என்று சொல்லிவிட்டதால் நான் பார்க்கவில்லை.

இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்புக் குறைவு என்று தெரிந்தது. தைராய்டு சுரக்கும் டி4 என்ற இயக்குநீரின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வேறு நோய்களும் சில மருந்துகளும் அதைக் குறைத்துக் காட்டும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச், இரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் கட்டற்ற டி4 ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கிலீஷ் செட்டர் வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், தன் தைராய்டைத் தன் உடலே தாக்கும் நோய் அந்த இனத்தில் அதிகம். மாத்திரை வாழ்நாள் முழுவதும். மிளகு மூன்றாவது வாரத்திலேயே வாசலுக்கு ஓடி வந்தாள். முடி வர ஐந்து மாதங்கள் ஆயின.

ஒரு மாற்றத்துக்கு மட்டும் ஒருநாளும் காத்திருக்காதீர்கள். மூக்கு, உதடு, இமை ஆகியவற்றின் கறுப்பு மறைந்து வெளுத்து, அதோடு கண் சிவந்தோ வெளிச்சத்துக்குக் கூசியோ இருந்தால், அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உடலின் எதிர்ப்புச்சக்தி நிறமிச் செல்களைத் தாக்கும் அந்த நோயில் பார்வையே போய்விடக்கூடும்.

மற்ற மாற்றங்களுக்கு ஒரு பழக்கம் போதும். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், ஒரே இடத்தில், நாயின் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் படம் எடுங்கள். எல்லாப் படங்களிலும் தாள் ஒரே வெண்மையாகத் தெரிந்தால்தான் நிறத்தை ஒப்பிட முடியும். இடது பக்கம், வலது பக்கம், முகம், வால் என நான்கு படங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தப் படங்களையும், எடை, தீனியின் பெயர், கொடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை எழுதிய ஒரு தாளையும், உறையில் போட்ட கொஞ்சம் முடியையும் எடுத்துச் செல்லுங்கள். முடியின் அடி எந்தப் பக்கம் என்று உறையின் மேல் குறித்துவையுங்கள்.