பழைய குரல் பதிவுகள் கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

ஊர் நூலகத்துக்கோ, வட்டார வரலாறு சேகரிக்கும் சிறு குழுவுக்கோ யாராவது ஒரு மஞ்சப்பை நிறையக் கேசட்டைக் கொண்டுவந்து, "எங்க தாத்தா பேசினது, பத்திரமா வச்சுக்கோங்க" என்று கொடுத்துவிட்டுப் போனதும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். எங்கிருந்தோ ஒரு பழைய டேப் ரெக்கார்டரைத் தேடி எடுத்து, ஓடுகிறதா பார்ப்போம் என்று போட்டுவிடுவார்கள். முதலில் இதை நிறுத்துங்கள். பல வருடம் ஓடாத நாடா அந்த ஒருமுறை ஒழுங்காக ஓடிவிட்டு அடுத்த முறை சிக்கிக்கொள்ளலாம். ஓட்டுவது என்றால் கம்ப்யூட்டரில் பதிவு செய்துகொண்டே ஓட்டுங்கள், சும்மா கேட்டுப் பார்க்க ஓட்டாதீர்கள்.

அதற்கும் முன்னால் கேசட்டைக் கையில் எடுத்து நிதானமாகப் பாருங்கள். திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், மெல்லிய உலோகத் தகட்டில் ஒட்டிய ஒரு குட்டிக் கம்பளித் துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு, அதாவது ரெக்கார்டரில் ஒலியைப் படிக்கும் முனையோடு, சேர்த்து அழுத்துவது அதுதான். பசை காய்ந்து அது உதிர்ந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கிக் கேட்கும், நாமும் டேப் போச்சு என்று முடிவு கட்டிவிடுவோம். நாடாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, திருகாணி போட்ட வேறொரு கூட்டுக்கு அதை மாற்றினால் சரியாகிவிடும். வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் டெக் (கேசட்டை ஓட்டும் இயந்திரம்) பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்த கேசட்டுக்கும் போகும். அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எதிர் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிவு ஆகாது. கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் அப்படித்தான் வரும். நம் வீடுகளில் அந்த ஓட்டையில் காகிதத்தை மடித்துச் செருகி, பாட்டுக்கு மேலேயே பாட்டியைப் பேச வைத்திருப்பார்கள். அதனால் அட்டையில் பாட்டுப் பட்டியல் இருக்கிறதே என்று எதையும் கழித்துவிடாதீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டுத்தான் டெக்கில் போடவேண்டும், இல்லாவிட்டால் கை தவறி ரெக்கார்டு பட்டன் அழுந்தினால் போயே போச்சு. அட்டையையும் தூக்கி எறியாதீர்கள். அது எந்தப் படம் என்று தெரிந்தால், இந்தப் பேச்சு எந்த வருடத்துக்கு முன்னால் பதிவாகியிருக்க முடியாது என்றாவது தெரியுமே.

அடுத்த தவறு எம்பி3. இடம் மிச்சம் என்று நினைத்து எடுப்பார்கள், ஆனால் எம்பி3 ஒலியில் ஒரு பங்கை நிரந்தரமாகக் கழித்துவிட்டுத்தான் சுருங்குகிறது. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா பரிந்துரைப்பது ஒலியைச் சுருக்காமல் வைக்கும் டபிள்யூஏவி (WAV) கோப்பு, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், முடிந்தால் 96. இந்த உச்ச அளவில் எடுத்தால்கூட 90 நிமிடக் கேசட் ஸ்டீரியோவில் 3 ஜிபி சொச்சம்தான் வரும், இன்றைய ஹார்ட் டிஸ்கில் அது ஒரு பொருட்டே இல்லை. எம்பி3 கேட்பதற்கும் அனுப்புவதற்கும் நல்லதுதான், மூலப்படியாக மட்டும் வேண்டாம்.

ஆர்வக்கோளாறில் சிலர் பதிவெடுக்கும்போதே இரைச்சலை நீக்குகிறேன் என்று இறங்கிவிடுவார்கள். பின்னால் கூவும் சேவல், ஊஞ்சல் சங்கிலி, "அந்த வருஷம் இல்ல, அதுக்கு முந்தின வருஷம்" என்று திருத்தும் பெரியம்மா, இதெல்லாம் அவர்களுக்கு இரைச்சல். வரலாறு எழுதுகிறவருக்கு அந்தப் பெரியம்மாதான் முக்கியமான சாட்சியாக இருப்பார். பேட்டரி இறங்கிப்போன ரெக்கார்டரில் பதிவானது இப்போது வேகமாகவும் கீச்சென்றும் கேட்கும், அதைச் சரிசெய்ய வேண்டியதுதான். பேட்டரியில் இல்லாமல் பழைய ரெக்கார்டர் கரண்டில் ஓடியிருந்தால் பின்னணியில் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் மெலிதாகப் பதிந்திருக்கும், அது மறுபடி 50 ஹெர்ட்ஸில் வருகிறதா என்று பார்த்தே சரியான வேகத்தைக் கண்டுபிடிக்கலாம். இரைச்சல் என்று அதை முதலிலேயே துடைத்துவிட்டால் எதை வைத்துக் கணக்கிடுவது? எந்தத் திருத்தமானாலும் நகலில் செய்யுங்கள்.

இவ்வளவும் இயந்திர சமாச்சாரம். தப்பு நடந்தாலும் நாடா கையில் இருந்தால் மறுபடி முயன்று பார்க்கலாம், அதனால் டிஜிட்டல் ஆக்கியாயிற்று என்று கேசட்டை எடைக்குப் போடாதீர்கள். பேசியவர் யார், எந்த ஊர், யார் கேட்டது, எதற்காகப் பேசினார் என்பதை எழுதி வைக்காமல் விட்டால்தான் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. "அப்பத்தா – 2" என்று எழுதிய கேசட்டைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். யாருடைய அப்பத்தா? 1 எங்கே? கொண்டுவந்து கொடுப்பவர் எதிரில் நிற்கிறபோதே உட்காரவைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவரும் கிடைக்கமாட்டார்.

விவரம் எழுதி வைத்ததற்கு ஓர் உதாரணம்: முதல் உலகப் போரின்போது ஜெர்மானியர்கள் பெர்லின் அருகே வுன்ஸ்டோர்ஃப் முகாமில் இருந்த போர்க்கைதிகளின் குரல்களைப் பதிவு செய்தார்கள், அதில் பிரிட்டிஷ் ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களும் உண்டு. இன்று அவை பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் போட்டு பெயர், பிறந்த ஊர், தாய்மொழி, தொழில் எல்லாம் குறித்தார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய், ஊரில் சாப்பிட்ட வெண்ணெயையும் வீடு திரும்பும் ஏக்கத்தையும் யாரோ ஒருவன் கதை மாதிரி சொல்லிவிட்டுப் போனது நமக்கு இன்னார் குரல் என்று தெரிவது அந்தத் தாளினால்தான். ஆனால் கைதியிடம் யாரும் சம்மதம் கேட்டிருப்பார்களா என்ற கேள்வியை அந்தத் தாள் தீர்த்துவைக்காது. விவரம் எழுதுவது வேறு, அனுமதி வேறு.

அனுமதி விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்ப அலட்சியம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறார்கள், அதைவிட மோசம், கொடுக்க முடியாத வாக்கைக் கொடுக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்து மோதலில் ஈடுபட்ட முன்னாள் போராளிகளிடம் பேட்டி எடுத்தது. உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்ற உறுதியை நம்பித்தான் அவர்கள் பேசினார்கள், பதிவுகள் கல்லூரியின் பர்ன்ஸ் நூலகத்தில் பூட்டி வைக்கப்பட்டன. 2011இல் நீதிமன்ற ஆணை வந்தது, வழக்காடிப் பார்த்தும் ஒரு பகுதி வட அயர்லாந்து போலீஸ் கைக்குப் போனது. அதையொட்டி நடந்த விசாரணையில் 2014இல் அப்போதைய ஷின் ஃபெய்ன் கட்சித் தலைவர் ஜெரி ஆடம்ஸ் நான்கு நாள் காவலில் இருந்து, வழக்கு எதுவும் பதிவாகாமல் வெளியே வந்தார். நூலகத்தின் வாக்கு சட்டத்துக்கு மேலே நிற்காது. அதைப் பேசுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஈழப்போர் பற்றியோ சாதிக் கலவரம் பற்றியோ ஒருவரைப் பேச வைக்கிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். நூலகத்துக்குள் கேட்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயர் போடலாமா, அவர் காலத்துக்குப் பிறகு யாரிடம் கேட்பது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரிடம் ரேகை வாங்குவதோடு, அந்தச் சம்மதத்தை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள்.

எழுத்தில் ஏற்றும்போது நடக்கும் தவறும் உண்டு. 1948இல் தொடங்கிய கொலம்பியா பல்கலைக்கழக வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தில், ஆரம்ப வருடங்களில், நாடா விலை அதிகம் என்பதால், தட்டச்சு செய்து முடித்ததும் அதே நாடாவை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். தாள் இருக்கிறது, குரல் இல்லை. நாம் நாடாவை அழிப்பதில்லை, அதற்குப் பதில் பேச்சை அழிக்கிறோம்: "வந்தாக" என்றவரை "வந்தார்கள்" ஆக்கி, தானியங்கி மென்பொருள் கொடுத்ததை அப்படியே ஏற்று, வட்டார வழக்கையே காணாமல் அடித்துவிடுகிறோம். சொன்னபடி எழுதுங்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை நேரம் குறியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது எங்கேயாவது கிடந்தால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு இப்போதே மாற்றிவிடுங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

சேமிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் எரிந்துபோயின, அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. யூடியூபில் ஏற்றியது சேமிப்புக் கணக்கில் வராது. வருடத்துக்கு ஒருமுறை கோப்புகளைத் திறந்து சரிபாருங்கள்.

புதிதாக ஃபோனில் பதிவு எடுக்கிறவர்கள் செய்யும் தவறு, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டாகவே எடுத்து அனுப்புவது. அது ஒலியைக் கடுமையாகச் சுருக்கிவிடும். தனி ரெக்கார்டர் செயலியில் எடுத்து, வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவர் பக்கத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, தேதி, ஊர், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பெயர் எல்லாவற்றையும் முதல் நிமிடத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பேட்டி முடிந்தது என்று சொன்ன உடனே ரெக்கார்டரை அணைக்க வேண்டாம், காபி வந்த பிறகுதான் பலர் உண்மையில் பேச ஆரம்பிப்பார்கள். அதுவும் பதிவாகிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.