ஐஸ்லாந்து: ஒரு வாரத்தில் எவ்வளவு பார்க்கலாம்?

ஐஸ்லாந்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நாட்டைச் சுற்றி வரும் ஒன்றாம் எண் சாலையைத்தான் அளந்து பார்க்கிறார்கள். 1,300 கிலோமீட்டர் சொச்சம். ஒரு நாளைக்கு 220 ஓட்டினால் ஆறே நாளில் முடிந்துவிடும் என்று கணக்கு போட்டு, அதற்கேற்ப தினம் ஓர் ஊரில் அறையும் பதிவு செய்துவிடுகிறார்கள். ஒரு நாள் காற்று பலமாக வீசிச் சாலையை மூடினால் போதும், அடுத்த ஐந்து அறைகளும் வரிசையாகக் கையை விட்டுப் போகும். கைவசம் ஏழு நாள்தான் என்றால் தெற்குக் கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுச் சுற்றுக்குக் கோடையிலேயே பத்து நாளாவது வேண்டும்.

எப்போது போவது என்பதை வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். டிசம்பர் கடைசியில் தலைநகர் ரெய்க்யவிக்கில் சூரியன் பதினொன்றேகாலுக்குப் பிறகு எழும்பி மூன்றரைக்கெல்லாம் இறங்கிவிடும். அந்த நான்கு மணி நேரத்துக்குள் இரண்டு அருவி பார்த்தாலே பெரிது. ஜூனில் நள்ளிரவிலும் வெளிச்சம் இருக்கும், ஆனால் இரவு வானில் பச்சையாக ஆடும் துருவ ஒளி (அரோரா) கண்ணில் படாது. அதைப் பார்க்க செப்டம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதிக்குள் போக வேண்டும். சாலையும் திறந்திருக்க வேண்டும், இரவும் இருட்ட வேண்டும் என்றால் செப்டம்பர்தான் சரியான மாதம். உள்நாட்டு மலைச் சாலைகளின் எண் 'எஃப்' என்று தொடங்கும். அவை பொதுவாக ஜூன் கடைசிக்கு மேல்தான் திறக்கும், நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மட்டுமே அனுமதி. முதல் பயணத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் வட்டத்துக்குள் இருக்கிறது. எனவே இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். கோடைக்கு நேர்காணல் நேரம் கிடைப்பது சிரமம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். வழியில் கோபன்ஹேகனில் தங்குவதாக இருந்தால், எந்த நாட்டில் அதிக இரவுகளோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டும் சமமென்றால் முதலில் இறங்கும் நாட்டிடம். லண்டன் வழியாகப் போனால் சில ரூபாய் மிச்சமாகலாம், ஆனால் பிரிட்டனின் டிரான்சிட் விசா தனியாகத் தேவைப்படலாம். ஷெங்கன் நகரம் ஒன்றில் மாறிப் போவது தலைவலி குறைவு.

வண்டிக்கு வருவோம். பணம் வீணாவதும் பயணம் கெடுவதும் பெரும்பாலும் இதில்தான்.

அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நேர்சாலையில் பழகிவிடும். காலையில் ஆளில்லாத வாகன நிறுத்தத்திலிருந்து வெளியே திரும்பும்போதுதான் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். முன்னிருக்கையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்லட்டும். உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தார்ச் சாலையில் உச்ச வேகம் 90, சரளைச் சாலையில் 80, ஊருக்குள் 50. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். இரட்டை வழி ரவுண்டானாவில் உள்வழியில் இருப்பவருக்கே முன்னுரிமை; இது மற்ற நாடுகளில் ஓட்டிப் பழகியவர்களையும் தடுமாற வைக்கும்.

'எயின்பிரெய்த் ப்ரூ' என்ற பலகை வந்தால் முன்னால் ஒற்றை வழிப் பாலம். யார் முதலில் நெருங்குகிறாரோ அவர் போவது வழக்கம், மற்றவர் நின்று வழிவிட வேண்டும். 'மல்பிக் எந்தர்' என்றால் தார் முடிகிறது. பலகையைப் பார்த்ததுமே வேகத்தைக் குறையுங்கள். சரளையில் ஏறிய பிறகு பிரேக்கை மிதித்தால் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிடும். கோடையில் ஆடுகள் சாலையோரம் மேயும். தாய் ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால், வண்டிச் சத்தம் கேட்டதும் குட்டி தாயை நோக்கிச் சாலையைக் கடந்து ஓடும். இரண்டு பக்கமும் பார்த்து, நிற்கத் தயாராகவே போங்கள்.

இனி காற்று. அங்கே காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். 15-ஐத் தாண்டினால் கவனம். 20-ஐத் தாண்டினால் அறையிலேயே இருங்கள், உள்ளேயே படுக்கையுள்ள உயரமான கேம்பர் வண்டி என்றால் இன்னும் முன்பே. வாடகை வண்டிகளில் அடிக்கடி சேதமாவது கதவுதான். வண்டியின் பின்னாலிருந்து காற்றடிக்கும்போது கதவைத் திறந்தால், அது கையைப் பிடுங்கிக்கொண்டு போய் முன்பக்கம் மடங்கி, கீலும் தகடும் வளைந்துவிடும். அதைப் பெரும்பாலான காப்பீடுகள் ஏற்காது, செலவு உங்கள் அட்டையில்தான் விழும். எனவே முகப்பு காற்றை எதிர்கொள்ளும்படி நிறுத்துங்கள். கண்ணாடியைச் சற்று இறக்கி, ஒரு கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் திறங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கதவைத் திறக்க வேண்டாம். கூடுதல் காப்பீட்டில் சரளைக் கல் சேதத்துக்கானது வாங்கத் தகும். தெற்குக் கரைக்குப் போவதால் மணல், சாம்பல் காப்பீட்டையும் யோசிக்கலாம்.

பல பெட்ரோல் பங்க்குகளில் ஆளே இருக்கமாட்டார்கள். இயந்திரம் கார்டின் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கேட்கும். ஓ.டி.பி.யை நம்பிப் போனால் வேலைக்காகாது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டு, பின் எண்ணை ஊரிலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். 'டேங்க் நிரப்பு' என்று அழுத்தினால் பெரிய தொகையை நிறுத்திவைத்து, சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். தொகையைக் குறிப்பிட்டுப் போடுவது நல்லது.

ஏழு நாளை இப்படிப் பிரிக்கலாம். கெப்லாவிக் விமான நிலையத்திலிருந்து ரெய்க்யவிக் 50 கி.மீ. முதல் நாள் அங்கே தூங்குங்கள், தூக்கக் கலக்கத்தோடு வண்டியைத் தொலைவுக்கு எடுக்காதீர்கள். இரண்டாம் நாள், மூன்று இடங்களைச் சுற்றி வரும் 'தங்க வட்டம்' (கோல்டன் சர்க்கிள்). கி.பி. 930-இல் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றம் தொடங்கிய திங்வெட்லிர், ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கொதிநீரைப் பீய்ச்சும் ஸ்ட்ரோக்கூர், இரண்டு படியாக 32 மீட்டர் விழும் குல்ஃபோஸ் அருவி. இரவு செல்ஃபோஸ் ஊர்ப் பக்கம் தங்கினால் மறுநாள் ஒரு மணி நேரம் மிச்சம். மூன்றாம் நாள் செல்யாலாந்த்ஸ்ஃபோஸ் (அருவிக்குப் பின்னால் நடந்து வரலாம், முழுக்க நனைவீர்கள்), ஸ்கோகாஃபோஸ் அருவி, இரவு வீக் என்ற ஊரில். நான்காம் நாள் வீக்கிலிருந்து 190 கி.மீ. தள்ளி, பனிப்பாளங்கள் மிதக்கும் யோகுல்சார்லோன் ஏரி. அந்தப் பகுதியில் இரண்டு இரவு தங்குங்கள். இடையில் கிடைக்கும் ஐந்தாம் நாளைப் பனியாற்று நடைக்கோ, மழைக்கு ஈடாகவோ வைத்துக்கொள்ளலாம். ஆறாம் நாள் திரும்பி, கடைசி இரவை ரெய்க்யவிக்கில் கழியுங்கள். ஏரியிலிருந்து நேராக விமானத்துக்கு ஓட நினைக்காதீர்கள், வழியில் ஹெட்லிஸ்ஹெய்தி கணவாய் மூடிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

வீக் அருகே ரேனிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அலைகள் எச்சரிக்காமல் மேலேறி ஆளை இழுத்துப்போகும். உயிர்கள் போயிருக்கின்றன. சிவப்பு விளக்கு எரிந்தால் மணலில் இறங்க வேண்டாம், எரியாவிட்டாலும் கடலுக்கு முதுகைக் காட்டிப் படமெடுக்க வேண்டாம். பனிக் குகைகளுக்குக் குளிர்காலத்தில் மட்டும், வழிகாட்டியோடு போங்கள். 2024 ஆகஸ்டில் பிரெய்தாமெர்குர்யோகுட்ல் பனியாற்றில் பனி சரிந்து ஒருவர் இறந்தார்.

பல இடங்களில் நுழைவுக்குப் பணமில்லை, வண்டி நிறுத்தத்துக்கு உண்டு. கேமரா எண் பலகையைப் படித்துக்கொள்ளும். செயலியிலோ இயந்திரத்திலோ கட்டாமல் போனால், வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்து அனுப்பும்.

சாப்பாட்டில் கையைக் கடிக்காமல் இருக்க, சமையலறையுள்ள விருந்தினர் விடுதியாகப் பாருங்கள். பன்றிப் பொம்மை போட்ட போனஸ் கடையில் அரிசி, காய்கறி, தயிர் போன்ற ஸ்கிர் எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோகலாம். பச்சை இறைச்சிக்கு அனுமதியில்லை. புகழ்பெற்ற ஹாட் டாக்கில் ஆட்டிறைச்சியோடு பன்றியும் மாடும் கலந்திருக்கும், தெரிந்துகொண்டு வாங்குங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே தேவையில்லை. வெந்நீர்க் குழாயில் வரும் அழுகிய முட்டை வாடை நிலத்தடி கந்தகத்தால் வருவது. குடிக்கக் குளிர்ந்த குழாயைச் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள்.

குடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கம்பளி உள்ளாடை, மேலே ஃப்லீஸ், அதற்கு மேல் நீர்புகா ஜாக்கெட்டும் பேண்ட்டும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. வெந்நீர்க் குளங்களில் இறங்குமுன் உடையில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். கூச்சம் என்றால் தடுப்புள்ள குளியலறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

காலையில் கிளம்புமுன் வானிலை ஆய்வு நிலையத்தின் காற்று வரைபடம், சாலைத் துறையின் சாலை நிலவரம் இரண்டையும் பாருங்கள். ப்ளூ லகூன் வெந்நீர்க் குளத்துக்குப் போகிறவர்கள் எரிமலை அறிவிப்பையும் பார்க்க வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து அந்தப் பக்கம் திரும்பத் திரும்ப வெடித்திருக்கிறது. அவசர எண் 112.