பழைய விருந்தாளிக்கு லாட்ஜ் அனுப்பும் வாழ்த்து: எங்கே பிசகுகிறது?

ஆனி பிறந்து பொதிகையில் மேகம் இறங்கினால் போதும், குற்றாலத்து லாட்ஜ்களிலிருந்து பழைய பார்ட்டிகளுக்கு வாட்ஸ்அப் கிளம்பிவிடும். தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ரோஜாப்பூவும் குத்துவிளக்கும் போட்ட படம் ஒன்று. அதைப் பார்த்து யார் ரூம் போட்டார் என்று கேட்டால் முதலாளிக்கே தெரியாது. படம் சரியில்லை போல என்று அடுத்த வருஷம் வேறு படம் போடுவார்கள். பிசகு படத்தில் இல்லை. விருந்தாளி சாவியைத் திருப்பிக் கொடுத்து, பாக்கி அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போகிற அந்த ஐந்து நிமிடத்தில், ரிசப்ஷன் மேசையிலேயே அது தொடங்கிவிடுகிறது.

எதற்கு வந்தார் என்று எழுதாமல் விடுவது

ரிஜிஸ்டரில் பெயர், ஊர், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் இருக்கும். வந்த காரணம் என்ற கட்டத்தில் மட்டும் எல்லாருக்கும் 'சொந்த வேலை' என்று ஒரே வார்த்தை. போலீஸுக்கு அது போதும், வாழ்த்து எழுத அது போதாது. நெல்லைச் சீமையில் ரூம் எடுப்பவர்கள் ஒரே மாதிரி விருந்தாளிகள் இல்லை. சாரலுக்கு வருகிற குடும்பம், புனலூர், கொட்டாரக்கரைப் பக்கமிருந்து ஆரியங்காவு வழியாக இறங்குகிற மலையாளிகள், கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிகள், ஆனித் தேருக்கும் ஆடித்தபசுக்கும் வருகிறவர்கள், மாதம் ஒருமுறை வரும் மருந்து கம்பெனி ரெப்புகள், பத்து ரூமை மொத்தமாக எடுக்கும் கல்யாண வீட்டார் என்று பல வகை.

இவர்களோடு இன்னொரு வகையும் உண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு பக்கத்து லாட்ஜில் நாலு நாள் தங்கினவர். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, வந்து ராத்தங்கிப் போனவர். இவர்களுக்கு "எங்களோடு கழித்த இனிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள், மீண்டும் வருக" என்று ஒரு செய்தி போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும்? அந்த நம்பர் அன்றைக்கே பிளாக் ஆகிவிடும். பிளாக் ஆவதும் நியாயம்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. 100 பக்க நோட்டு ஒன்றில் ஐந்து கட்டம் போடுங்கள்: கூப்பிட வேண்டிய பெயர், வந்த காரணம், கேட்டு நாம் கொடுக்க முடியாமல் போனது, எந்த மாதம் மறுபடி வரக்கூடும், செய்தி அனுப்ப ஒப்புக்கொண்டாரா. ரூமை வெக்கேட் பண்ணிய பத்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். ஷிப்ட் மாறிவிட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆஸ்பத்திரி, துட்டி என்றால் வாழ்த்துப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அவர்கள் கிளம்பிப் போன மூன்றாம் நாள் "பில் ஏதும் தேவைப்பட்டால் சொல்லுங்கள்" என்று ஒரு வரி அனுப்பலாம், அதோடு சரி.

ரெப்புக்குப் பண்டிகைப் படம் வேண்டாம். கம்பெனி பெயரில் ஜிஎஸ்டி பில் சரியாகக் கிடைக்குமா, காலை 7 மணிக்குக் காபி வருமா, இஸ்திரிப் பெட்டி உண்டா, இதுதான் அவர் கவலை. மாதத் தொடக்கத்தில் "எந்த வாரம் வருகிறீர்கள்?" என்று கேட்கிற ஒரு வரி, நாலு தீபாவளி வாழ்த்துக்குச் சமம்.

ஆளைச் சொல்லாதீர்கள், ரூமைச் சொல்லுங்கள்

தனிப்பட்ட வாழ்த்து என்றதும் பலருக்கும் தோன்றுவது, "போன தடவை மனைவியோடும் அம்மாவோடும் வந்திருந்தீர்கள்" என்று தொடங்குவது. ஞாபகம் வைத்திருக்கிறோம் என்று காட்டுகிற ஆசை. ஆனால் கூட வந்தது மனைவிதானா என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. அந்த அம்மா இந்த வருஷம் இருக்கிறார்களா என்பதும் தெரியாது. போன் இப்போது யார் கையில் இருக்கிறதோ அதுவும் தெரியாது. ரூமைப் பற்றி மட்டும் உங்களுக்கு எல்லாம் தெரியும். அதனால் இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். போன ஆடியில் கீழ்த்தளத்தில் ரூம் கேட்டீர்கள், அன்று மாடியில்தான் கொடுக்க முடிந்தது. இந்த வருஷம் கீழே இரண்டு ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்திருக்கிறோம். வருவதாக இருந்தால் ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், எடுத்து வைக்கிறோம்."

அம்மாவுக்காகத்தான் கீழ் ரூம் கேட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சொல்லாமல் விட்டதில்தான் மரியாதை இருக்கிறது. நோட்டில் மூன்றாவது கட்டம் எதற்கு என்பதும் இப்போது புரிந்திருக்கும். கொடுக்க முடியாமல் போனதைச் சரிசெய்துவிட்டு அதைச் சொல்லும் செய்திக்குத்தான் பதில் வரும்.

அஞ்சலட்டையில் கையால் எழுதி அனுப்பும் பழக்கம் சில பழைய விடுதிகளில் இன்னும் உண்டு. 50 பைசா அட்டைதான், பெரியவர்களுக்கு அது தரும் சந்தோஷம் தனி. ஆனால் அட்டை தபால்காரர் முதல் பக்கத்து வீடு வரை எல்லார் கண்ணிலும் படும். அதில் வாழ்த்து மட்டும் இருக்கட்டும். தங்கின தேதி, ரூம் விவரம் எழுதுவதாக இருந்தால் கவரில் போடுங்கள்.

பெயரும் பிறந்த நாளும்

புக்கிங் தளத்திலிருந்து வரும் பட்டியலை அப்படியே எடுத்துச் செய்தி அனுப்பினால், பாதிப் பேருக்கு அவர்கள் அப்பா பெயரில் வாழ்த்து போகும். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. பாரத்தில் கேட்கிறார்களே என்று அப்பா பெயரை எழுதிவைக்கிறோம். காந்திமதி என்ற பெண்ணுக்கு "அன்புள்ள திரு. சுடலைமுத்து" என்று போய் நிற்கும். இசக்கி என்றால் ஆணா பெண்ணா என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது.

ஆங்கிலப் பட்டியலை மெஷினில் கொடுத்துத் தமிழாக்குவது அடுத்த ஆபத்து. அழகு என்பவர் 'அலகு' ஆவார், பழனி 'பலனி' ஆவார். அதனால்தான் நோட்டில் முதல் கட்டம் 'கூப்பிட வேண்டிய பெயர்'. கேட்டு, தமிழிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நேரில் 'அண்ணாச்சி' என்று பேசினவருக்கு எழுத்திலும் அண்ணாச்சி என்றே போடலாம். ஆனால் எல்லாருக்கும் அண்ணாச்சி போட்டால் சென்னைக்காரர் மளிகைக் கடைச் செய்தி என்று நினைத்துவிடுவார். சந்தேகமாக இருந்தால் 'சார்', 'அம்மா' போதும்.

பிறந்த நாள் வாழ்த்தை ஆதார் நகலைப் பார்த்து அனுப்புவது நல்ல யோசனை மாதிரிதான் தெரியும். ஐம்பது வயது தாண்டினவர்களில் பலருக்குக் காகிதத்தில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. வருஷம் மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று விழுந்திருக்கும். வீட்டில் கொண்டாடுவது நட்சத்திரத்தை வைத்து. அது கிடக்கட்டும், அடையாளத்துக்கென்று வாங்கின நகலைப் புரட்டித்தான் பிறந்த நாளை எடுத்தார்கள் என்று விருந்தாளிக்குத் தெரிந்தால் வாழ்த்தை விட அதுதான் மனசில் நிற்கும்.

பண்டிகை நாள் பார்ப்பதில்

மேலப்பாளையம், காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களுக்குப் பெருநாள் வாழ்த்தைக் காலண்டரில் சிவப்பு நாள் பார்த்து முன்கூட்டியே அனுப்பக் கூடாது. பிறை தெரிந்த பிறகுதான் பெருநாள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரு நாள் மாறி வரும் வருஷங்களும் உண்டு. புனித வெள்ளிக்கு 'இனிய வாழ்த்து' அனுப்புவது அதைவிடத் தப்பு. அது துக்க நாள், வாழ்த்து ஈஸ்டருக்குத்தான். முஹர்ரமும் அப்படியே, 'இனிய' போடாமல் விடுவதே நல்லது. வீட்டில் சாவு விழுந்து ஒரு வருஷம் தீபாவளி, பொங்கல் கும்பிடாதவர்கள் இருப்பார்கள். "இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லை" என்று ஒருவர் பதில் போட்டால், ஆறுதலாக ஒரு வரி எழுதிவிட்டு அந்த வருஷம் முழுக்க அவருக்கு எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

'வாழ்த்துகள்' என்பதில் க் போடலாமா கூடாதா என்று ஒரு சண்டை உண்டு. போடாமலே எழுதுங்கள். பாளையங்கோட்டைத் தமிழ் வாத்தியார் ஒருவராவது உங்கள் பட்டியலில் இருப்பார்.

கோயிலுக்கு வருகிறவர்களுக்குத் திருவிழா அன்று வாழ்த்து அனுப்பி என்ன பயன்? கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் ரூம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. ஐப்பசியில் அனுப்பும் செய்தியைப் படித்து அவர் பெருமூச்சுதான் விட முடியும். ஆவணியிலேயே "சஷ்டிக்கு ரூம் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஓண விடுமுறைக்கு வருகிற மலையாளக் குடும்பத்துக்குப் பத்து நாள் முன்னால், மலையாளத்திலேயே அனுப்ப வேண்டும். அதை மெஷினிடம் விடாமல், மலையாளம் தெரிந்த செங்கோட்டைப் பக்கத்துப் பையன் யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

தண்ணீர் விழுகிறது என்று பொய் சொல்வது

இது மன்னிக்க முடியாதது. போன வருஷத்து ஐந்தருவிப் படத்தைப் போட்டு "சீசன் களைகட்டியது" என்று அனுப்புவார்கள். நம்பி மதுரையிலிருந்து குழந்தைகளோடு வந்தால் பாறையில் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் வெள்ளம் அதிகமாகி, குளிக்கத் தடை போட்டிருப்பார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு மாணவன் உயிர் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அருவி உங்கள் சொத்து இல்லை, அதற்கு நீங்கள் ஜாமீன் நிற்க முடியாது. அன்று காலை எடுத்த 15 விநாடி வீடியோ, கீழே தேதியும் நேரமும், "குளிக்க அனுமதி இருக்கிறதா என்று கிளம்பும் முன் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற வரி. இவ்வளவு போதும். தண்ணீர் இல்லாத நாளில் "இன்று இல்லை, இரண்டு நாள் பொறுங்கள்" என்று சொல்கிற லாட்ஜைத்தான் அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்.

முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கும் செய்திகளிலும் இதே ஆபத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் தவித்தார்கள். அப்படி ஒரு நாளில் "மார்கழிச் சலுகை, உடனே வாருங்கள்" என்று தானாகக் கிளம்பும் செய்தியை நிறுத்த யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நேரம் குறித்தவர் லீவில் இருந்தால்? பாஸ்வேர்டு இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்.

அனுப்பும் வழி

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். அதிலும் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்குத்தான் செய்தி போகும். 'அனுப்பினோம்' என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாதி வாழ்த்து போகவே இல்லை. அதனால் ரூம் போட்ட அன்றே வைஃபை பாஸ்வேர்டு, லாட்ஜின் லொகேஷன் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், ராத்திரி எது வேண்டுமானாலும் இதில் சொல்லலாம்" என்று கேளுங்கள். எல்லாரையும் ஒரே குரூப்பில் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும், நாலாம் நாள் யாராவது லோன் விளம்பரம் போடுவார்கள்.

எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதிப்படி, மொத்தமாகச் செய்தி அனுப்புகிறவர்களுக்கான டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயரையும், செய்தி வாசகத்தையும் பதிவு செய்ய வேண்டும். தமிழ் எஸ்எம்எஸ்ஸில் ஒன்றுக்கு 70 குறிகள்தான் இடம், ஆங்கிலத்தில் 160. அதில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'குற்றாலம்' நமக்கு ஐந்து எழுத்து, மெஷினுக்கு ஒன்பது. 70 தாண்டிவிட்டால் துண்டுக்கு 67 என்று பிரிந்து, ஒரு வாழ்த்துக்கு இரண்டு, மூன்று எஸ்எம்எஸ்ஸுக்கான காசு விழும்.

அனுமதி வாங்காமல் அனுப்பும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காக நம்பர் வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்தலாம். வாழ்த்துக்கென்று தனியாக ஒப்புதல் வேண்டும். செக்-இன் பாரத்தில் ஒரு வரி சேருங்கள்: "சீசன் தகவலும் பண்டிகை வாழ்த்தும் இந்த எண்ணுக்கு அனுப்பலாம்: ஆம் / வேண்டாம்." டிக்கை நீங்களே அடித்து வைக்கக் கூடாது. 'வேண்டாம்' என்பவருக்கு ரூம் கொடுக்க மறுக்கவும் கூடாது. பிறகு எப்போது 'நிறுத்து' என்றாலும் அன்றே பெயரை எடுத்துவிட வேண்டும்.

மாதாமாதம் வரும் ரெப்பைத் தவிர மற்றவர்களுக்கு வருஷத்துக்கு மூன்று, மிஞ்சினால் நாலு செய்தி. காலை 10 முதல் 12 வரை, இல்லாவிட்டால் சாயங்காலம் 4 முதல் 6.

அல்வா அனுப்புகிறவர்களுக்கு

பத்து ரூம் எடுத்த கல்யாண வீட்டாருக்குக் கால் கிலோ அல்வா கூரியர் பண்ணுவது நல்ல வழக்கம்தான். ஆனால் சூடாக டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து, போய்ச் சேரும்போது பூஞ்சை பிடித்திருக்கும். முழுக்க ஆறவிட்டு, பட்டர் பேப்பரில் சுற்றி, இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதன் பிறகு அட்டைப் பெட்டி. வெறும் அட்டைப் பெட்டியில் நெய் ஊறி, ஒட்டின முகவரியே அழிந்துபோகும். திங்கள், செவ்வாயில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கூரியர் ஆபீசில் கிடக்காது. சர்க்கரைக்காரர் வீடு என்று தெரிந்தால் பத்தமடைப் பாயில் சின்னதாக ஒன்று போதும்.

பதில் வந்தால்

200 பேருக்கு ஞாயிறு காலை அனுப்பிவிட்டு போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். "அடுத்த சனிக்கிழமை இரண்டு டபுள் ரூம் கிடைக்குமா?" என்று பதினைந்தாவது நிமிடம் கேள்வி வருகிறது. சாயங்காலம் பார்த்து "உண்டு சார்" என்று பதில் போடும்போது அவர் பக்கத்து லாட்ஜுக்கு ஜிபேயில் அட்வான்ஸ் போட்டிருப்பார். ஒரு நாளைக்கு 30 பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். அனுப்பின பிறகு இரண்டு மணி நேரம் போனோடு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பக்கத்திலேயே அந்த வார ரூம் சார்ட்டும் இருக்க வேண்டும்.