கொடுமணல் குத்துக்கல்: முதல் முறை பார்க்கப் போகிறவர்களுக்கு

பழைய கோயிலுக்குப் போவது சுலபம். ரோட்டோரத்தில் பலகை இருக்கும், வாசலில் தேங்காய்க் கடை இருக்கும், உள்ளே போனால் எதைப் பார்ப்பது என்று சொல்ல யாராவது ஒருவர் இருப்பார். இறந்தவர்களை அடக்கம் செய்த இடத்தில் நட்ட இரும்புக்காலத்துக் குத்துக்கல் பார்க்கப் போகிறவருக்கு இது எதுவும் கிடைக்காது. யாரோ ஒருவருடைய சோளக்காட்டு ஓரத்தில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். போனவர்களும் கல்லில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, "வெறும் கல்லுதான்" என்று பத்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

கல் ஓர் அடையாளம் மட்டும்தான். அது எதற்கு அடையாளமோ அது சுற்றியுள்ள தரையில் கிடக்கிறது. அந்தத் தரையையும் பார்த்துவிட்டு வருவது எப்படி என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள். உதாரணத்துக்கு ஈரோடு மாவட்டம் பெருந்துறை வட்டத்தில், நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலை எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கொங்கு நாட்டில் இல்லை என்பது என் கருத்து. ஒரே நடையில் கல்வட்டம், கற்பதுக்கை (பலகைக் கற்களால் அமைத்த புதைகுழி), குத்துக்கல், ஊர் இருந்த மேடு எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

படி 1: எது குத்துக்கல், எது இல்லை

கிளம்பும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நட்டுக்கொண்டு நிற்கும் கல்லெல்லாம் பழங்காலக் கல் ஆகிவிடாது. கொங்குப் பக்கம் வேலிக்கே கல்லுக்கால்தான் நடுவார்கள். மாடு கட்டிக் கவலை இறைத்த பழைய கிணறுகளின் மேல் ஜோடியாகக் கல்தூண்கள் நிற்கும். இரண்டு கல் நட்டு மேலே ஒன்றைப் படுக்க வைத்திருந்தால் அது சுமைதாங்கி. குளக்கரையில் தனியாக, மாட்டின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, பக்கங்கள் வழுவழுவென்று தேய்ந்து நின்றால் அது பெரும்பாலும் ஆவுரிஞ்சிக்கல். தண்ணீர் குடிக்க வரும் மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்டது. வீரன் உருவமோ எழுத்தோ செதுக்கியிருந்தால் அது நடுகல். அதுவும் இறந்தவருக்கு நட்டதுதான், ஆனால் இன்று நாம் பார்க்கும் உருவம் செதுக்கிய நடுகற்களில் பெரும்பாலானவை இந்தக் கற்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

நாம் தேடும் குத்துக்கல்லில் உருவமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. நெடுங்கல் என்றும் இதைச் சொல்வார்கள். பாறையிலிருந்து பலகையாகப் பெயர்த்து, அதிகம் செதுக்காமல் அப்படியே நிறுத்தியது. சந்தேகம் வந்தால் விளிம்பைப் பாருங்கள். வரிசையாக அரைவட்டத் துளைத் தடங்கள் இருந்தால் அது துளை போட்டு உடைத்த, பிற்காலத்துக் கல்.

படி 2: நாளும் நேரமும்

தை, மாசி மாதங்கள்தான் சரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு புல்லும் உண்ணிச்செடியும் மண்டிவிடும். கல்வட்டம் காலுக்கடியில் இருந்தாலும் தெரியாது. பாம்பும் இருக்கும். பங்குனி பிறந்துவிட்டால் வெயில் தாங்காது, அந்தக் காடுகளில் நிழல் என்று பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம்தான்.

காலை ஏழரை மணிக்கெல்லாம் கல்லிடம் இருக்க வேண்டும். இது வெயிலுக்காக மட்டும் இல்லை. சாய்ந்த வெளிச்சத்தில்தான் கல்லின் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். பதுக்கையின் மேல் மூடிய மூடுகல்லில் சில இடங்களில் கிண்ணம் மாதிரி சின்னக் குழிகள் இருக்கும்; நடு மதியம் போனால் அவை கண்ணிலேயே படாது. விடுபட்டுவிட்டால் சாயங்காலம் நான்கரைக்கு மேல் இன்னொரு முறை பாருங்கள்.

படி 3: எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஷூ, தொப்பி, இரண்டு லிட்டர் தண்ணீர், மூன்று மீட்டர் டேப், ஒரு மீட்டர் நீளத்தில் நேரான குச்சி, சின்ன நோட்டு. போனில் திசைகாட்டி இருக்கிறது, அது போதும். கடப்பாரை, மண்வெட்டி, மெட்டல் டிடெக்டர் இவற்றில் எதையும் வண்டியில்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். ஊரார் சந்தேகப்படுவார்கள், அதில் தப்பும் இல்லை. ட்ரோனும் வேண்டாம்.

நொய்யல் பக்கத்திலேயே ஓடுகிறதே என்று தண்ணீர் கொண்டுபோகாமல் இருந்துவிடாதீர்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு பல வருடம் கலந்த ஆறு அது. முகம் கழுவக்கூட நான் இறங்க மாட்டேன்.

படி 4: போய்ச் சேருவது

சென்னிமலையிலிருந்து கத்தாங்கண்ணி வழியாக ஊத்துக்குளி போகும் பாதையில், சுமார் 15 கிலோமீட்டரில் கொடுமணல் வரும். ரயிலில் வருகிறவர்கள் ஈரோட்டிலோ ஊத்துக்குளியிலோ இறங்கலாம். பஸ்ஸை நம்புவதைவிட இரண்டு சக்கர வண்டி மேல், ஏனென்றால் ஊருக்குள் போன பிறகும் சுற்ற வேண்டியிருக்கும்.

முதல் நாளே போனில் செயற்கைக்கோள் படத்தை விரித்து வைத்துப் பாருங்கள். உழாமல் விட்ட நிலத்தில் சில இடங்களில் கல்வட்டம் வளையமாகத் தெரியும். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு போனால் பாதி அலைச்சல் மிச்சம்.

படி 5: கேட்டுவிட்டுப் போங்கள்

எனக்கு இதுதான் முக்கியமான படி. அந்த நிலம் ஒருவருடையது. வண்டியை நிறுத்தியதும் நேராக வேலியைத் தாண்டாமல், டீக்கடையிலோ திண்ணையிலோ இருக்கும் பெரியவரிடம் போய்க் கேளுங்கள்.

"ஏனுங்கய்யா, இங்க பெரிய குத்துக்கல்லு ஒண்ணு இருக்குதாமுங்க. எந்தப் பக்கமுங்க போகோணும்?"

"எதுக்குத் தம்பி? பொதையல் கிதையல் தேடறீங்களா?"

இந்தக் கேள்வி அநேகமாக வரும். சிரித்துக்கொண்டே, "இல்லீங்கய்யா, பாத்துட்டு ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிர்றமுங்க" என்று சொன்னால் போதும். பல ஊர்களில் அவரே முன்னால் நடந்து வந்து காட்டுவார். கேட்கும்போது "பெருங்கற்காலச் சின்னம்" என்றெல்லாம் கேட்டால் விழிப்பார்கள். நெட்டுக்குத்தலாக நிற்கிற கல், பாண்டவர் குழி, வாலியர் வீடு, குரங்குப்பட்டடை என்று ஊருக்கு ஒரு பேர் இருக்கும். கிழக்கே கேட்டால் ஒன்று, மலைப்பக்கம் கேட்டால் இன்னொன்று. எது வேலை செய்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காங்கேயம், சென்னிமலைப் பக்கத்து மேய்ச்சல் நிலம் கொறங்காடு. கிளுவை உயிர்வேலி நாலு பக்கமும் அடைத்திருக்கும், உள்ளே கொழுக்கட்டைப் புல், அதை மேயும் மாடு கன்று. நுழையும் இடத்தில் ஒரு படல் இருக்கும். திறந்த படலை நுழைந்த கையோடு மூடிவிடுங்கள். திரும்பி வரும்போது மூடிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் மாடு அடுத்த காட்டு வெள்ளாமையில் நிற்கும். அப்புறம் அடுத்து வருகிற யாரையும் அந்தக் குடும்பம் உள்ளே விடாது. விதைத்த காடாக இருந்தால் வரப்பில் நடங்கள், வரப்பு இல்லாவிட்டால் அறுப்பு முடிந்த பிறகு வாருங்கள்.

படி 6: கல்லிடம் போனதும்

உடனே கிட்டே போகாதீர்கள். ஐம்பது அடி தள்ளி நின்று ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். பலகைக் கல்லாக இருந்தால் அதற்கு அகலமான முகம் ஒன்று இருக்கும், அது எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கல் சாய்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். பிறகு கிட்டே போய் அடிப்பகுதியைக் கவனியுங்கள். குழி தோண்டிக் கல்லை இறக்கிச் சுற்றிலும் சின்னக் கற்களை இறுக்கி அடைத்திருப்பார்கள். மழையில் மண் கரைந்த இடங்களில் அந்தக் கற்கள் வெளியே தெரியும். அவைதான் கல்லை இத்தனை காலம் நிறுத்தி வைத்திருக்கின்றன. உட்காரவோ காலை வைக்கவோ அவற்றில் ஒன்றைக்கூட அசைக்காதீர்கள்.

கல்லில் மஞ்சள், குங்குமம், காய்ந்த மாலை இருந்தால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். அது இப்போது யாருக்கோ சாமி.

உயரத்தை ஏறி அளக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நேராக நிறுத்தி அதன் நிழலை அளங்கள். அதே நேரத்தில் கல்லின் நிழலையும் அளங்கள். குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், கல்லின் நிழல் 3.2 மீட்டர் என்றால் கல் 4 மீட்டர் உயரம். நிழல் சரிவில் விழுந்தாலோ கல் நன்றாகச் சாய்ந்திருந்தாலோ கணக்குத் தப்பும், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள். படம் எடுக்கும்போது குச்சியைக் கல்லின் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் பின்னாளில் பார்ப்பவருக்கும் அளவு புரியும்.

கல்லில் படிந்திருக்கும் சாம்பல், ஆரஞ்சு நிறக் கற்பாசியைச் சுரண்ட வேண்டாம். குழிகள் பளிச்சென்று தெரியட்டும் என்று சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் தடவ வேண்டாம்.

படி 7: இனித் தரையைப் பாருங்கள்

கொடுமணலில் இடுகாடு மட்டும் ஏறக்குறைய 100 ஏக்கர் பரப்பு. குத்துக்கல்லை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக வட்டமிட்டு நடந்தால் அரைகுறையாகப் புதைந்த உருண்டைக் கற்கள் வளைவாக நிற்பது தெரிய ஆரம்பிக்கும். அதுதான் கல்வட்டம். நடுவே சின்னக் கற்களைக் குவித்து மேடாக்கியிருப்பார்கள். அதற்கும் கீழே இருப்பது பதுக்கை.

திறந்து கிடக்கும் பதுக்கை ஒன்று கண்ணில் பட்டால் அங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான்கு பலகைக் கற்களைச் சும்மா பெட்டி மாதிரி நிறுத்தவில்லை. ஒவ்வொரு பலகையின் ஓரமும் அடுத்த பலகையின் முகத்தில் முட்டி, மறுமுனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திகம். வெளியிலிருந்து மண் தள்ளும்போது ஒரு பலகை இன்னொன்றைத் தாங்கிக்கொள்ளும், உள்ளே சரியாது. சுண்ணாம்பும் இல்லை, ஆணியும் இல்லை. ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில், துளை ஒன்று இருக்கும். இடுதுளை என்பார்கள்.

இங்கே 1980களில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியது, 2012-13இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது. ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கற்கள் பதித்த வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது. ஊர் இருந்த மேட்டில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பக்கத்துப் படியூரில் பச்சைக்கல், சென்னிமலைப் பக்கம் இரும்புத்தாது. மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கடற்கரை, கிழக்கே கரூர். மணி அறுக்கிறவர்களும் இரும்பு உருக்குகிறவர்களும் இந்த ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். கல் நட்டவர்கள் அவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டு ஒரு முறை நிமிர்ந்து ஆற்றுப் பக்கம் பாருங்கள், இடம் வேறு மாதிரி தெரியும்.

உழுத காட்டில் பானை ஓடுகள் சிதறிக் கிடக்கும். உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாகம் சிவப்பு என்றிருந்தால் அது கறுப்பு-சிவப்பு மண்கலம். பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் படாத பகுதி கறுத்துவிட்டது என்பது பொதுவான விளக்கம். குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். "ஒண்ணே ஒண்ணு ஞாபகத்துக்கு" என்று ஆளுக்கொன்று எடுத்தால் ஆய்வாளருக்கு மிஞ்சுவது வெறும் மண்தான். எந்த ஓடு எந்த இடத்தில் கிடந்தது என்பதில்தான் செய்தியே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டுவதும் சிதைப்பதும் மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி குற்றம். பதுக்கைக்குள் இறங்கவும் கூடாது. கல் சரியும் அபாயம் ஒருபுறம், குளிர்ச்சிக்கு ஒதுங்கியிருக்கும் விரியன் ஒருபுறம்.

படி 8: அன்றைக்கே எழுதி வையுங்கள்

ஊர், தேதி, நேரம், திசை, உயரம், சுற்றி எத்தனை வட்டம், கல்லைப் பற்றி ஊரார் சொன்ன கதை. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அளவை இன்னொருவர் வந்து எடுத்துக்கொள்ளலாம், பாட்டி சொல்லும் கதையை நாளைக்கு யாரும் எடுக்க முடியாது.

ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த இடம் என்றால் படத்தைத் தாராளமாகப் போடுங்கள். யாரும் பதிவு செய்யாத கல் என்று தோன்றினால் இருப்பிடக் குறியோடு இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள், அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் தகவல் கொடுங்கள். புதையல் ஆசையில் அலைகிறவர்களும் அதே வரைபடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

கொடுமணல் பிடித்துப்போனால் அடுத்து எங்கே என்று கேட்பீர்கள். தரைக்கு மேலே பலகைக் கற்களால் அமைத்த கற்திட்டை பார்க்க ஆசை என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரம். நெடுங்கல் மட்டும் கூட்டமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றால் தெலங்கானாவில், நாராயண்பேட்டை மாவட்டத்தில், கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கும் முடுமால். 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே போகிறவர்கள் இரவு தங்கலை ராய்ச்சூரில் வைத்துக்கொள்வது வசதி.